மல்லிகையோடு இஸ்டோருக்குப் போனவள்

சினிமா பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் நான் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரிந்து ஒரு படத்தைப் பார்த்து முழுசாகக் கெட்டுப்போன ஒரே ஆள் நான்தான். என் வகுப்புப் பிள்ளைகள் படம் பார்த்தால் மறுநாள் அதில் வரும் சண்டையை ஒருதரம் நடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். நானோ குறிப்பெடுக்காத குறையாக உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் அதில் வந்தபடியே செய்தும் தொலைத்தேன்.

அப்போது நாங்கள் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துக் குவாட்டர்ஸுக்குக் குடிவந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. என் கணவர் அதற்கு முன்னால் உடப்புசல்லாவைப் பக்கம் தோட்ட ஒபீஸில் கிளாக்கர். பேனா பிடித்து அலுத்துவிட்டது, இனித் தேயிலை தயாரிக்கிற வேலையைப் பார்க்கப்போகிறேன் என்று தேயிலைத் தொழிற்சாலைக்கு மாறிக்கொண்டார். (தொழிற்சாலை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இஸ்டோரு. அதுதான் பெயர்.) "இனி இஸ்டோரே என் கையிலதான்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் அதை என் அக்கா தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தேன்.

நான் நோர்வூட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். ஹட்டன் பஜாரில் கடைக்கார வீட்டில் வளர்ந்தவள். தேயிலை மலையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே பெரியவளானேன். அதைத் தண்ணீரில் போட்டுக் குடிப்பது தவிர வேறு சங்கதி எதுவும் எனக்குத் தெரியாது.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. விடிந்ததிலிருந்து மழை. இஸ்டோருக்குப் போயா கிடையாது, அவர் போய்விட்டார். கைக்குழந்தையாக இருந்த மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குவாட்டர்ஸ் புஷ்பா அக்கா ஒரு தட்டு முறுக்கும் ஒரு பென் டிரைவுமாக வந்தார். இவர் மலையில் கொழுந்தெடுப்பை மேற்பார்வை செய்யும் கண்டாக்கையாவின் வீட்டுக்காரி. தோட்டத்தில் எது நடந்தாலும், நடந்து முடிவதற்கு முன்பே இவருக்குத் தெரிந்துவிடும்.

படம் வெளிநாட்டுப் படம், தமிழில் பேசியது. கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு கம்பெனி. நல்ல குடும்பஸ்தன் ஒருவன் அங்கே மேலதிகாரி. புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்கிறாள். முதலில் கோப்பி கொண்டுவந்து வைக்கிறாள். பிறகு அவன் என்ன சாப்பிட்டான் என்று விசாரிக்கிறாள். பிறகு வீட்டுக்குப் போன் வருகிறது. அவன் பழக்கவழக்கமெல்லாம் ஒவ்வொன்றாக மாறுகிறது, புதிதாகச் சென்ட்கூடப் போடுகிறான். அவளுக்கோ பித்து ஏறி, அவன் தனக்கே என்று முடிவு கட்டிவிடுகிறாள். கடைசியில் அவன் பெண்டாட்டி சிவப்பு உடுப்பு உடுத்தி, உச்சியிலிருந்து பாதம்வரை வாசனை பூசி, நேரே கம்பெனிக்குள்ளே நடந்து போகிறாள். வாசனை முன்னால் போகிறது, அவள் பின்னால் போகிறாள். எல்லோரும் எழுந்து நிற்க, அந்தப் பித்துக்காரியின் மேசை முன்னால் நின்று, "இவர் என் புருஷன். நீ போகலாம்" என்கிறாள். அவ்வளவுதான், அவள் சுருண்டு விழுகிறாள்.

புஷ்பா அக்கா கைதட்டினார். தட்டி முடித்ததும் முறுக்குத் தூளைச் சேலையிலிருந்து உதறியபடியே கேட்டார்.

"ஏன் டீச்சர், நம்ம இஸ்டோர்லயும் ஒரு மிஸ்ஸு இருக்குதே, தர்ஷினி. உங்க ஐயாவுக்கு அடிக்கடி போன் பண்ணுமோ?"

கடித்த முறுக்கை நான் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

தர்ஷினி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்து, எங்கள் இஸ்டோரில் தேயிலையின் தரம் பார்க்கும் உத்தியோகத்துக்கு வந்த பிள்ளை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் லயத்துப் பெண். வகுப்பில் அவள் பெயரைச் சொல்லி, "நீங்களும் அவளைப் போல வரணும்" என்று பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவள் நான். (அதை நினைத்தால் இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.)

படம் பார்த்த கண்ணோடு வீட்டைப் பார்த்தேன். பார்த்த பக்கமெல்லாம் சாட்சி. முகத்துக்குப் பவுடர் போடாமல் வாசலைத் தாண்டாத மனுசன், பவுடரை நிறுத்தி எத்தனையோ வாரம். சந்தன சோப்பு வாங்கி வைத்தால் தொடுவதில்லை. துணி துவைக்கிற கட்டி சோப்பில் குளிக்கிறார். கருவாடு என்றால் தட்டோடு சாப்பிடுகிறவர், "வேணாம் மாலா, பருப்பு போதும்" என்கிறார். வெங்காயச் சம்பலைப் பார்த்தால் தட்டை நகர்த்துகிறார். படத்துக்காரனாவது புதிதாகச் சென்ட் போட்டான். இவர் இருந்ததையும் விட்டுவிட்டாரே, இது எந்த ரகம் என்று புஷ்பா அக்காவிடம் கேட்டேன்.

"அவளுக்கு இந்த வாசமெல்லாம் ஆகாது போல. அவளுக்குப் புடிச்ச மாதிரி மாறிக்கிட்டு வாராரு. இது சென்ட் போடறத விட மோசம் டீச்சர்."

எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது.

அடுத்த நாளே போனும் வந்தது. அவர் சோற்றில் கை வைத்திருந்தார், அதனால் ஒலிபெருக்கியில் போட்டார். "சார், காலையில என்ன சாப்ட்டீங்க? வெங்காயம் சேத்துக்கலதானே?" என்றது தர்ஷினியின் குரல். இவரோ, "சத்தியமா இல்லீங்க மிஸ்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நெளிந்தார். என்னைக் கட்டி இத்தனை காலத்தில் எனக்கு ஒருமுறைகூடச் சத்தியம் செய்ததில்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். சாயந்திரம் நடந்ததுதான் என்னைச் சாய்த்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். நான் கதவில் காதை வைத்தேன். (டீச்சர்மார் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். நானும் அப்போது கேட்கவில்லை.)

"வெக்கப்படாதீங்க சார். நல்லா சத்தமா" என்றது போன்.

உள்ளே ஒரு சத்தம். ஈரமாய், நீளமாய், உறிஞ்சி இழுக்கிற சத்தம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான முத்தத்தை நான் கேட்டதில்லை, படத்தில்கூட.

"பரவால்ல, முன்னையவிட நல்லா வருது. இன்னொருக்கா."

இன்னொருக்கா.

"போதும் சார். மிச்சத்த நாளன்னைக்கி நேர்ல பாத்துக்குவோம்."

வெளியே வந்தவர் கையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. குளியலறையில் மனுசனுக்குக் கோப்பை எதற்கு என்று விஞ்ஞான டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. படத்தில் கோப்பை வரவில்லை.

அந்த நாளன்றைக்குத்தான் நானும் நாள் குறித்தேன். பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று அரைநாள் லீவு சொன்னேன். கல்யாண வரவேற்புக்குக் கட்டிய சிவப்புப் பட்டை எடுத்துக் கட்டினேன். முதல்நாளே ஹட்டன் பஜாரில் முஸ்லிம் நானா கடைக்குப் போய், இருப்பதில் நல்ல அத்தரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். "டீச்சர், இது லேசுப்பட்ட சாமான் இல்ல. காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சா போதும், கல்யாண வீடே திரும்பிப் பாக்கும்" என்று நானா படித்துப் படித்துச் சொன்னார். கல்யாண வீடு திரும்பிப் பார்த்தால் எனக்கு எப்படிப் போதும்? கழுத்து, கை, முந்தானை, கொண்டை என்று போத்தலைக் கவிழ்த்தேன். மேலே இரண்டு முழம் மல்லிகை. ஆட்டோக்காரத் தம்பி இஸ்டோரு வாசல்வரை தலையை வெளியே நீட்டிக்கொண்டேதான் ஓட்டினான். என் கோலத்துக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் காவல்கார மாரிமுத்து அண்ணன் ஓடிவந்து மறித்தார்.

"டீச்சரம்மா, உள்ள போறதுன்னா அந்தப் பூவ கழட்டி வச்சிட்டுப் போங்க."

"என்னது?"

"பூவுங்க. தலையில உள்ள பூ. கழட்டணுங்க. மிஸ்ஸோட ஓடரு."

நல்ல செவ்வாய்க்கிழமையும் அதுவுமாய், பட்டுக் கட்டி, குங்குமம் வைத்து நிற்கிற சுமங்கலியைப் பார்த்துத் தலைப்பூவைக் கழற்று என்கிறார்கள்! அதுவும் அவளுடைய உத்தரவாம்! இதைக் கேட்டு எந்தப் பெண்ணுக்குத் தலைக்கு ஏறாது?

"கட்டின புருஷன் உசுரோட இருக்கறப்ப என் பூவ கழட்டச் சொல்ல அவ யாரு?" என்று கத்தினேன். மாரிமுத்து அண்ணன் பாவம், "உங்களுக்கு மட்டும் இல்லீங்க, எல்லாருக்குந்தான்..." என்று என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.

தேயிலை தரம் பிரிக்கிற இடத்தைத் தாண்டி நடந்தேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். படத்திலும் இப்படித்தான் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி தலையிலும் பூ இல்லை என்பது என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. அவர்களும் என் பின்னாலேயே திரண்டு வந்தார்கள். எனக்கு அது இன்னும் தெம்பாக இருந்தது.

கடைசி அறைக் கதவைத் தள்ளினேன். நீளமான வெள்ளை மேசை. அதன்மேல் வரிசையாக வெள்ளைக் கோப்பைகளில் தேத்தண்ணி. மேசைக்கு அந்தப் பக்கம் தோட்டத்து மேனேஜர் பெரியதொரை. பக்கத்தில் நரைமீசை வைத்த, கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெரியவர். இந்தப் பக்கம் தர்ஷினி. அவள் பக்கத்தில், கையில் கரண்டியோடு, வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு என் கணவர். பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, தர்ஷினியைப் பார்த்து, படத்தில் வந்த அதே தொனியில் சொன்னேன்: "இவர் என் புருஷன். நீ போகலாம்."

யாரும் சுருண்டு விழவில்லை.

கொழும்புப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பாட்டுக்குக் கரண்டியில் தேத்தண்ணியை மொண்டு வாயருகே கொண்டுபோய், காற்றோடு சேர்த்து இழுத்தார். ஈரமாய், நீளமாய். அதே சத்தம். எங்கள் வீட்டுக் குளியலறைச் சத்தம்.

அவர் அதைத் துப்பிவிட்டு முகத்தைச் சுளித்தார். அடுத்த கோப்பையை இழுத்தார். அதற்கும் சுளித்தார். மூக்கைத் தூக்கி அறை முழுக்க முகர்ந்துகொண்டே வந்து, என்னிடம் நிறுத்தினார்.

"மொகத்த மே சுவந்த?" என்றார். இது என்ன வாசனை என்று கேட்கிறார்.

தேயிலையைப் போல வாசம் பிடிக்கிற சாமான் உலகத்தில் இல்லையாம். பக்கத்தில் ஒரு சோப்புக்கட்டி இருந்தாலே அதற்கும் அந்த வாசம் வந்துவிடுமாம். அதனால்தான் இஸ்டோருக்குள்ளே பூவுக்கும் சென்டுக்கும் தடை, பெரியதொரை வீட்டு அம்மாவுக்குக்கூட. ருசி பார்க்கிறவர்களுக்கு வெங்காயமும் கருவாடும் சந்தன சோப்பும் விலக்கு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் வாயு பரவல் என்ற பாடத்துக்கு வகுப்பு மூலையில் சென்ட் போத்தலைத் திறந்து வைத்து, "வாசம் உங்ககிட்ட வந்தா கையத் தூக்குங்க" என்று வருஷா வருஷம் படிப்பிக்கிறவள் நான். அந்த அறையில் யாரும் கையைத் தூக்கவில்லை. பெரியதொரை கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தர்ஷினி போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"டீச்சர், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் பெரியதொரை, தனக்குத் தெரிந்த தமிழில், ரொம்ப மரியாதையாக. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயந்திரம் என் கணவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இஸ்டோரு என் கையில இல்ல மாலா. நான் அங்க வேல பழகுற ஆளு. ருசி பாக்கத் தெரிஞ்சாத்தான் வேலைய நிரந்தரமாக்குவாங்க. அதுக்குத்தான் இன்னைக்கி டெஸ்ட்டு. எனக்கு உறிஞ்சவே வரல. அந்தப் புள்ளதான் பொறுமையா சொல்லிக்குடுத்திச்சி. வயசுல சின்னப் புள்ளகிட்ட படிக்கிறேன்னு உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சி, அதான் பாத்ரூம்ல போய்ப் பழகினேன்."

"டெஸ்ட்டு என்னாச்சி?"

"அந்த ரூம்ல இன்னைக்கி எத குடிச்சாலும் மல்லிகப்பூ வாசந்தான். டெஸ்ட்டு வைக்க வந்த மனுசன் கொழும்புக்குத் திரும்பிப் போயிட்டாரு."

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"என் வேல கெடக்கு. போனா மறுபடியும் கிளாக்கர். நீ சொன்னத அத்தன பொம்பளைங்க கதவுகிட்ட நின்னு கேட்டாங்களே, அந்தப் புள்ளைய நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்க்கவில்லை. நினைப்பதற்குள் தோட்டம் நினைத்து முடித்துவிட்டது. மேட்டு லயத்தில் நான் இருவரையும் கையும் களவுமாகப் பிடித்திருந்தேன். பள்ளத்து லயத்தில் தர்ஷினியின் தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தேன். நோர்வூட் பஜார் வரும்போது அவர் அவளுக்குத் தாலியே கட்டியிருந்தார். மறுநாள் மத்தியானம் மஸ்கெலியா பஸ்ஸில் தர்ஷினியின் அப்பா வந்து இறங்கினார். உடம்பு வணங்கி வேலை செய்த மெலிந்த மனுசர். இஸ்டோரு வாசலில் நின்று யார் முகத்தையும் பார்க்காமல், "புள்ளைய கூட்டிக்கிட்டுப் போக வந்தேன். படிச்சதும் போதும், வேல பாத்ததும் போதும்" என்றாராம்.

நான் தர்ஷினி தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிரும்மா" என்று கையைப் பிடித்தேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஏன் டீச்சர் மன்னிப்பு கேக்குறீங்க? நான் ஒண்ணும் பண்ணலேன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

புஷ்பா அக்காவிடம் யோசனை கேட்டேன். (இன்னமும் அவரிடமே கேட்டேன் பாருங்கள்.) "தல சுத்தி என்னமோ உளறிட்டேன்னு சொல்லிருங்க டீச்சர், முடிஞ்சிச்சி" என்றார். அப்படிச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது. ஊர் வாயில் ஒரு கதை சுற்றும்போது அதைப் பிடுங்க வேண்டுமென்றால், அதைவிட ருசியான கதையை அதன் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி ஒரு கதை என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னால் மானம் போவது எனக்கு மட்டும்தான்.

அடுத்த நாள் காலைப் பெரட்டுக்குப் போனேன். மலைக்குப் போவதற்கு முன்னால் எல்லோரும் கூடி நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்கிற இடம் அது. அங்கே சொல்கிற பேச்சு அடுத்த நிமிஷமே எல்லா லயத்துக்கும் போய்விடும். மூடுபனியில் கூடையும் இடுப்பில் கட்டிய ரப்பர் சீட்டுமாகப் பெண்கள் நின்றார்கள். ஓரமாகத் தர்ஷினியின் அப்பா, தன் பையோடு. கண்டாக்கையா பெயர் கூப்பிட்டு முடித்ததும் நான் முன்னால் போய் நின்றேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தேன். பரிசளிப்பு விழாப் பழக்கம். அதற்குமேல் வரவில்லை. பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன். படத்தைச் சொன்னேன். கருவாட்டைச் சொன்னேன். குளியலறைக் கதவில் காதை வைத்ததைச் சொன்னேன்.

"உள்ள ஐயா தேத்தண்ணி உறிஞ்சிப் பழகியிருக்காரு. அது தெரியாம நான் முத்தம்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

நம்பாத முகங்கள். கையோடு கொண்டுபோயிருந்த போத்தல் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி, அத்தனை பேர் முன்னால், என் கணவரும் கூட்டத்தில் நிற்க, உறிஞ்சிக் காட்டினேன். முதல் தடவை வரவில்லை, புரையேறியது. இரண்டாவது தடவை பெரட்டுக்களம் முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் இருந்த செல்லம்மா, "அடியாத்தே, இதுக்கா டீச்சர் பட்டுச்சேல கட்டினீங்க?" என்றாள்.

யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்பும் என் மேலே செருப்பாக விழுந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே தர்ஷினியின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் அப்பா சிரிக்கவில்லை. பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தனியாகவே பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.

கொழும்புப் பெரியவர் மறுபடியும் வந்தார். அவர் வந்துபோகும்வரை நான் குவாட்டர்ஸை விட்டு வெளியே இறங்கவில்லை. என் கணவர் டெஸ்ட்டில் தேறினார். இப்போது அதே இஸ்டோரில் தர்ஷினி பெரிய உத்தியோகம், அவர் அவளுக்குக் கீழே. அதை என் அக்கா தங்கைகளுக்கு அவரே போன் போட்டுச் சொன்னார், வெட்கப்படாமல்.

எனக்குத்தான் விமோசனமில்லை. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து ஒரு உறிஞ்சல் கேட்கும். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினால், கொழுந்தனார் முதல் மிடறை இழுத்துவிட்டு, "அண்ணி, யாருக்கோ முத்தம் குடுக்குறாங்க, போய்ப் பாருங்க" என்பார். என் மகள் பேச்சு வந்த நாளிலிருந்தே இந்தக் கதையைச் சொல்கிறாள், அபிநயத்தோடு. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். கேட்டுக் கேட்டு எனக்கே அது வேறு யாரோ ஒருத்தியின் கதை மாதிரி ஆகிவிட்டது.

போன தைப்பொங்கலுக்குத் தர்ஷினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். மகள் ஓடிவந்து, "ஆன்ட்டி, நீங்கதானே அப்பாவுக்கு உறிஞ்சச் சொல்லிக் குடுத்தீங்க? எங்களுக்கும் செஞ்சி காட்டுங்க" என்றாள். தர்ஷினி அவள் கன்னத்தைத் தட்டி, "இன்னொரு நாளைக்கி" என்றாள். இஸ்டோரில் ஒரு நாளைக்கு எத்தனையோ கோப்பையைச் சத்தத்தோடு இழுத்துப் பார்க்கிறவள் அவள். எங்கள் வீட்டில் மட்டும், கோப்பை உதட்டில் படுவதுகூடக் கேட்காமல், சொட்டுச் சொட்டாகக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.